பூங்காவுக்கு டிக்கெட் போட்டால் பராமரிப்புச் செலவு தேறுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் வார்டில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவில் ஊஞ்சல் ஒன்று மாதக்கணக்கில் அறுந்து கிடக்கிறது, புல் காய்ந்துவிட்டது, வாட்ச்மேன் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். பேசாமல் ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட் போட்டுவிட்டால் பூங்கா தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளாதா? இந்தத் துறையின் வரவு செலவு எப்படித்தான் நடக்கிறது?"

டிக்கெட் போட்டால் தேறாது. சின்னப் பூங்காவுக்கு அது நஷ்டத்தில்தான் முடியும், ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். உள்ளாட்சிக் கணக்குகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊரில் பூங்கா கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வந்துவிடும். கட்டிய பூங்காவை நடத்துவதற்குத்தான் வராது. இந்த இரண்டும் ஒரே பணம் என்று நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் பேச்சு எங்கேயும் போய்ச் சேருவதில்லை.

மாநகராட்சிக் கணக்கில் மூலதனக் கணக்கு வேறு, வருவாய்க் கணக்கு வேறு. பூங்கா அமைப்பது, நடைபாதை போடுவது, சுற்றுச்சுவர் எழுப்புவது எல்லாம் மூலதனம். அதற்கு சிங்காரச் சென்னை 2.0 மாதிரியான மாநிலத் திட்டம் இருக்கும், அம்ருத் மாதிரி மத்தியத் திட்டம் இருக்கும், எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடுவது என்று வழி நிறைய. இதெல்லாம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் சொத்தை உருவாக்கக் கொடுக்கிற பணம். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. வாட்ச்மேன் சம்பளத்துக்கும் மோட்டார் காயில் கட்டுவதற்கும் இதில் பெரும்பாலானதைத் தொட முடியாது. அந்தச் செலவெல்லாம் வருவாய்க் கணக்கில் விழும். அங்கே சொத்து வரி, தொழில் வரி, முத்திரைத்தாள் கட்டணத்தின் மேல்வரி, மாநில நிதி ஆணையம் பரிந்துரைத்துக் கிடைக்கும் பங்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், குப்பை, தெருவிளக்கு, கடன் வட்டி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். குப்பை அள்ளாவிட்டால் மறுநாளே ஊர் நாறும், செடிக்குத் தண்ணீர் விடாவிட்டால் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். எதை வெட்டுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருவாய்க் கணக்கும் இத்தனை வருடம் எந்த நிலையில் இருந்தது தெரியுமா? சென்னையில் 1998-ல் திருத்திய சொத்து வரிதான் இருபது வருடம் ஓடியது. 2018-ல் உயர்த்தினார்கள், 2019-ல் அதை நிறுத்தி வைத்தார்கள், 2022-ல்தான் மறுபடி உயர்ந்தது. அதற்குள் கூலி, டீசல், மின்சாரம் எல்லாம் எத்தனை மடங்காகிவிட்டன! 2011-ல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டு ஆனதில் பூங்காக்களும் எண்ணிக்கையில் கூடி இப்போது 700-க்கும் மேல் இருக்கின்றன. பூங்கா கூடிய வேகத்தில் அதற்கான நிரந்தரத் தோட்டப் பணியாளர்கள் கூடவில்லை. வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்துக்குப் போனது இப்படித்தான்.

சரி, ஒரு பூங்காவை நடத்த எவ்வளவு ஆகும்? ஒரு ஏக்கர் பூங்கா என்று வைத்துக்கொள்வோம். வாட்ச்மேன் இரண்டு ஷிப்ட், தோட்டக்காரர் ஒருவர், துப்புரவுக்கு ஒருவர், ஆக நான்கு பணியிடம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதோடு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம். இதற்கே கிட்டத்தட்ட 18,700 ஆகிவிடும். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று இருக்கிறது. பூங்கா வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும், ஆனால் ஒரு ஆள் ஆறு நாள்தான் வேலை பார்ப்பார். ஏழாவது நாளுக்கு மாற்று ஆள் வேண்டும், அதற்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல் செலவு. ஆக ஒரு பணியிடத்துக்கு மாதம் சுமார் 22,000. நான்குக்கு 88,000, வருடத்துக்குப் பத்தரை லட்சம். மின்கட்டணம், தண்ணீர், எரு, கருவிகள், சில்லறை ரிப்பேர், ஒப்பந்ததாரரின் லாபம் எல்லாம் சேர்த்தால் சுலபமாக 15 லட்சம் வரும். இந்தப் பூங்காவைக் கட்ட ஒரு கோடி ஆனது என்றால், பத்து வருடம் நடத்த ஒன்றரைக் கோடி வேண்டும், அதுவும் விலைவாசி ஏறவே ஏறாது என்ற நினைப்பில். கட்டுவதற்கு நிர்வாக அனுமதி கொடுக்கும் தாளில் இந்த ஒன்றரைக் கோடியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்காது. என்னைக் கேட்டால் பத்து வருடப் பராமரிப்புச் செலவும் அது எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும் என்பதும் எழுதப்படாத எந்தப் பூங்கா எஸ்டிமேட்டையும் மாநகராட்சி மன்றத்தில் வைக்கவே கூடாது. வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு பெட்ரோலுக்கு வழி சொல்லாமல் போகும் வேலைதான் இப்போது நடக்கிறது.

இப்போது உங்கள் பத்து ரூபாய் டிக்கெட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். டிக்கெட் கொடுக்க வாசலில் காலை ஒரு ஆள், மாலை ஒரு ஆள். மேலே போட்ட கணக்குப்படி இரண்டு பணியிடம், மாதம் 44,000. அதாவது மாதம் 4,400 பேர், நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 147 பேர் டிக்கெட் எடுத்தால்தான் டிக்கெட் கொடுக்கிறவர் சம்பளமே வரும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு பத்து ரூபாயும்தான் பூங்காவுக்கு. வார்டுப் பூங்காவுக்கு வருகிறவர் யார்? காலையில் நடக்கிற பெரியவர்கள், மாலையில் பேரப்பிள்ளையைக் கூட்டி வருகிற பாட்டி, மதியம் நிழலில் கொஞ்சம் சாய்ந்துகொள்ள வருகிற டெலிவரிப் பையன். தினமும் வருகிறவர்கள் இவர்கள். தினம் பத்து ரூபாய் என்றால் மாதம் 300. பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஆள் குறைந்த பூங்காவில் வேறு என்னென்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவுக்கு டிக்கெட் இருக்கிறதே, எதிரே 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குப் பெரியவர்களுக்கு 100 ரூபாய் வைத்தார்களே, அங்கே மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். முதல் விஷயம், இரண்டுமே மாநகராட்சியுடையவை அல்ல, தோட்டக்கலைத் துறையுடையவை. அடுத்து, அங்கே வருகிறவர் வருடத்துக்கு ஓரிரு முறை ஊர் முழுவதிலிருந்தும் வருகிறார், ஜிப்லைன், மலர்க் காட்சி என்று பார்ப்பதற்கென்று ஒன்று இருக்கிறது. அது சுற்றுலா இடம். தெருமுனைப் பூங்காவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டுக்கும் பூங்கா என்றே பெயர் இருப்பதுதான் குழப்பம்.

அப்படியானால் கட்டணமே கூடாதா? அப்படியும் இல்லை. அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்குத் துறைகளை நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு பிரமிட் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடித்தட்டில் ஊர் முழுவதற்கும் பயன் தருவது: மரம், நடைபாதை, பெஞ்ச், குழந்தைகள் விளையாடும் இடம். இதன் செலவு முழுவதும் வரிப்பணத்தில். மேலே போகப் போகத் தனியாள் பயன் கூடும்: நீச்சல் வகுப்பு, பெரியவர்களின் லீக் போட்டி, உச்சியில் தனியார் விருந்துக்கு மண்டபம் வாடகை. அங்கே செலவுக்கு மேலேயே வாங்கலாம், தப்பில்லை. இவ்வளவு செய்தும் அங்குள்ள ஒரு சராசரிப் பூங்காத் துறை தன் நடப்புச் செலவில் கால் பங்கு அளவுக்குத்தான் கட்டணத்தில் மீட்கிறது. நுணுக்கமாகக் கட்டணம் வசூலிக்கிற நாட்டிலேயே மீதி முக்கால் பங்கு வரியிலிருந்துதான் வருகிறது என்பதை, பூங்கா தன் காலில் நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1978-ல் 13-வது பிரேரணை என்று சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள், அதற்கப்புறம் பூங்காத் துறைகள் கட்டணத்தின் பக்கம் தள்ளப்பட்டன, வசதியான பகுதியில் வகுப்புகள் ஓடின, ஏழைப் பகுதியில் கதவு மூடியது. நம் ஊரில் அது நடக்க விடக்கூடாது.

நம் ஊரிலும் ஒரு முறை அதன் விளிம்பு வரை போய்த் திரும்பினோம். 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் வந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்றது சரியான முடிவு. வடசென்னையில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு இல்லை. வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அது வேலைவாய்ப்பு, அது கல்லூரிச் சீட்டு, அது கெட்ட வழிக்குப் போகாமல் பிடித்து வைக்கும் கயிறு. தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிற பையன் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு எங்கே போவான்?

ஆனால் தீர்மானத்தை ரத்து செய்ததோடு பேச்சும் நின்றுபோனதுதான் எனக்கு வருத்தம். செயற்கைப் புல் எட்டு முதல் பத்து வருடம்தான் உழைக்கும், சென்னை வெயிலில் அதற்கு முன்பே கிழிய ஆரம்பிக்கும். மாற்றுவதற்குத் திடல் ஒன்றுக்குப் பல லட்சம் ஆகும், அந்தப் பணம் எங்கேயிருந்து வரும்? இதற்கு நேர அட்டவணையில் விடை இருக்கிறது. காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நான்கிலிருந்து ஏழு, இந்த நேரம் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் அந்தப் பகுதிக் கிளப்களுக்கும் இலவசம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். இரவு எட்டிலிருந்து பத்தரை வரை விளக்கு எரிய ஆடுகிற ஐ.டி. கம்பெனி அணிகள் இருக்கின்றன. அவர்கள் தனியார் டர்ஃபில் மணிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், மாநகராட்சித் திடலில் கொடுக்க மாட்டார்களா? அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதே திடலின் புல் மாற்றத்துக்கு என்று மட்டும் எடுக்க வேண்டும். விலை நேரத்துக்கு, ஆளுக்கு அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைச் செய்திருந்தால் அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

கட்டணம் வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் விடுவதும் நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். மாநகராட்சியின் பேட்மின்டன் கோர்ட் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் ஒரு கோச் இருபது பிள்ளைகளை வைத்துப் பயிற்சி கொடுப்பார், ஆளுக்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாங்குவார். பொதுச் சொத்து, தனியார் வருமானம், மாநகராட்சிக்கு ஒன்றும் இல்லை அல்லது பெயருக்கு ஏதோ. அவரைத் துரத்தச் சொல்லவில்லை, பிள்ளைகள் கற்றுக்கொள்வது நல்லதுதான். வெளிப்படையாக நேரத்தை ஏலம் விடுங்கள், கோச் முறையாகப் பணம் கட்டட்டும், பத்தில் இரண்டு பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து இலவசமாக வரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஷூட்டிங் அனுமதியும் இப்படித்தான். பூங்காவில் ஒரு நாள் படப்பிடிப்பு என்றால் ஜெனரேட்டர் வண்டி உள்ளே வரும், புல் நசுங்கும், நூறு பேர் சாப்பிட்ட இலை கிடக்கும். கட்டணத்தோடு திருப்பித் தரக்கூடிய டெபாசிட்டும் வாங்கி, மறுநாள் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆவின் பாலகம், இளநீர்க் கடை வாடகை, வெளியே பார்க்கிங் கட்டணத்தில் ஒரு பங்கு, இதெல்லாம் சின்னச் சின்னத் தொகைதான். ஆனால் நடக்க வருகிற எவரையும் வாசலில் நிறுத்தாமல் வருகிற தொகை.

அதிலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. பூங்கா இடம் வருமானத்துக்காக இருக்கும் காலி மனை அல்ல. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது, முத்தப்பா வழக்கு என்று பேர். மருத்துவமனைக்கே கொடுக்கக்கூடாது என்றால் ஓட்டலுக்கு எப்படிக் கொடுக்க முடியும்? தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி பாதுகாப்புக்கென்றே 1959-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆகவே கியோஸ்க் மாதிரி சின்னக் கடை வைக்கலாம், கட்டடம் எழுப்பிக் குத்தகைக்கு விடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானம் கொடுக்க வேண்டும் என்ற விதி நம்மிடம் இருக்கிறது, 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 வரை இருந்தால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். அப்படிக் கட்டுகிற பணம் அதே பகுதியில் பூங்காவாகத் திரும்பி வருகிறதா என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. உங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் கேட்கலாம்.

வெளிநாட்டில் இரண்டு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் 1992-ல் பூங்காக்களை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்தபோது, கூடவே வாடகை வரும் வணிகச் சொத்துக்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வாடகையில் பூங்காக்கள் நடக்கின்றன, நகர்மன்றத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் கோயில்களுக்கு விளக்கெரிக்க நிலம் எழுதி வைத்த வழக்கம்தானே இது, புரிந்துகொள்வதில் நமக்கு என்ன கஷ்டம்? மாநகராட்சிக்கு வணிக வளாகங்களும் கடைகளும் இருக்கின்றன, அதில் ஒன்றிரண்டின் வாடகையை ஒரு மண்டலத்தின் பூங்காக்களுக்கு என்று ஒதுக்கித் தீர்மானம் போட முடியும். இரண்டாவது நியூயார்க்கின் பிரையன்ட் பார்க். ஒரு காலத்தில் பகலிலேயே உள்ளே போகப் பயப்படுவார்கள், 1992-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், இன்றைக்கும் நுழைவு இலவசம். சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்கள் கட்டும் சிறப்பு வரி, கடை வாடகை, நிகழ்ச்சிகள், ஸ்பான்சர் என்று அதன் செலவு நடக்கிறது. நல்ல பூங்கா வந்தால் பக்கத்துக் கட்டடத்தின் வாடகை ஏறுகிறது, அந்த ஏற்றத்தில் ஒரு துளியைப் பூங்காவுக்குக் கேட்பது நியாயம்தான். தி.நகர் பனகல் பூங்காவைச் சுற்றி இருக்கிற துணிக்கடை, நகைக்கடைகளிடம் இதைக் கேட்கலாம். வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பூங்காவுக்கு அந்த வழி கிடையாது. அங்கே வரிப்பணம் கூடுதலாகப் போக வேண்டும். எல்லாப் பூங்காவுக்கும் ஒரே சூத்திரம் என்று போனால் வசதியான இடம்தான் பச்சையாக இருக்கும். பூங்காவைப் பராமரிக்க நிறுவனங்களுக்குத் தத்துக் கொடுக்கும் திட்டத்தில் இந்தச் சிக்கல் உண்டு, நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் மெயின் ரோட்டைப் பார்த்த பூங்காவைத்தான்.

வரவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், உண்மையில் பணம் அதிகமாகக் கைநழுவுவது செலவுப் பக்கம். மேலே ஒரு பணியிடத்துக்கு 22,000 என்று கணக்குப் போட்டோமே, நான்கு பணியிடம் உள்ள பூங்காவுக்கு ஒருவர் மாதம் 60,000-க்கு டெண்டர் போட்டு எடுத்தால் என்ன அர்த்தம்? நான்கு பேர் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள், களத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் பி.எஃப். ஒழுங்காகப் போகாது. குறைந்த விலைக்குக் கொடுத்தோம் என்று தணிக்கையில் சரியாக இருக்கும், பூங்கா காயும். சட்டப்படி கொடுக்க வேண்டிய கூலிக்குக் கீழே வரும் டெண்டரைத் திறந்தவுடனே ஒதுக்கிவிட வேண்டும். பில் போடும்போது பி.எஃப். கட்டிய சலானில் அந்தப் பூங்காவில் வேலை பார்ப்பவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். இன்னொரு நுணுக்கம், ஆள் மட்டும் கொடுக்கும் ஒப்பந்தம் என்றால் பூங்கா மாதிரியான உள்ளாட்சிப் பணிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பொருளும் சேர்த்துக் கொடுத்து, பொருளின் மதிப்பு கால் பங்கைத் தாண்டினால் விலக்கு போய்விடும். எரு, செடி, பைப் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் திணித்து, தேவையில்லாமல் வரி கட்டும் வேலை இதனால் நடக்கிறது.

காலமும் தப்பாக விழுகிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்று பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அன்றைக்கே முடிக்கிறார்கள். புது டெண்டர் கூப்பிட்டு, திறந்து, அனுமதி வாங்கி, வேலை ஆணை கொடுக்க ஜூன் ஆனாலும் ஆகும். ஏப்ரல், மே, அக்னி நட்சத்திரம், தண்ணீர் விட ஆள் இல்லை. ஒரு வருடம் வளர்த்த செடி இரண்டு மாதத்தில் போய்விடும், ஆகஸ்டில் மறுபடி செடி வாங்க எஸ்டிமேட். ஒப்பந்தத்தை வடகிழக்குப் பருவமழையில், நவம்பரில் முடிகிற மாதிரி வைத்தால் இந்த இழப்பே இல்லை, மேலே இருந்து தண்ணீர் வருகிற மாதம் அது. பட்ஜெட் எந்த மாதம் முடிந்தால் என்ன, அடுத்த ஆண்டுக்கான செலவுப் பொறுப்பைக் கணக்கில் காட்டிவிட்டு ஒப்பந்தம் போட எந்தத் தடையும் இல்லை.

புல்தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளுக்குச் சுமாராக நான்கைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆயிரம் சதுர மீட்டர் புல்தரை என்றால் தினம் ஐயாயிரம் லிட்டர் வரை. 2019 கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம் வைத்து, அடியில் மண்ணை மண்ணாக விட்டால் மூன்றாவது வருடத்திலிருந்து தண்ணீர்ச் செலவு பெருமளவு விழுந்துவிடும், நிழலும் கிடைக்கும். புல் வேண்டும் என்கிறவர்கள் அதற்கு ஆகும் தண்ணீர்ச் செலவையும் எஸ்டிமேட்டில் எழுதிக் காட்டட்டும். அப்புறம் புயல். 2016 டிசம்பர் 12 வர்தா, 2020 நிவர், 2023 டிசம்பர் மிக்ஜாம், நம் ஊரில் புயல் திடீர் செலவு இல்லை, வழக்கமான செலவு. மரம் அகற்ற, சுவர் கட்ட என்று ஒவ்வொரு முறையும் பராமரிப்புத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஜனவரிக்கு மேல் பூங்காவுக்குக் காசில்லை என்கிறார்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்து வைக்கும் தனி நிதி இதற்கு இருந்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் ஊஞ்சலுக்கு வருகிறேன். போய்ப் பாருங்கள், பலகையும் நன்றாக இருக்கும், சங்கிலியும் நன்றாக இருக்கும், மேலே குறுக்குக் குழாயில் சங்கிலி மாட்டும் கொக்கிதான் தேய்ந்து அறுந்திருக்கும். கடல்காற்றில் இரும்பு சீக்கிரம் போய்விடும். அந்தக் கொக்கியும் புஷ்ஷும் வாங்கி வெல்டிங் வைக்கச் சில நூறு ரூபாய் ஆகும். ஆனால் ஏ.இ. எனப்படும் உதவிப் பொறியாளர் கையில் அந்தச் சில நூறு ரூபாய் இல்லை. அவர் எஸ்டிமேட் போட வேண்டும், மண்டலத்தில் அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு எந்த ஒப்பந்ததாரரும் வரமாட்டார், ஆகவே பத்துப் பூங்காவின் ரிப்பேரைச் சேர்த்து ஒரு பெரிய வேலையாக்கும் வரை காத்திருப்பார். ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் யாரோ அடுத்த ஊஞ்சலில் இரண்டு பிள்ளைகளாக ஏறி அதுவும் போய்விடும், இப்போது முழுச் செட்டும் மாற்ற எஸ்டிமேட், சில லட்சம். அவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம், முறை அவரை அப்படி உட்கார வைத்திருக்கிறது. பூங்காவுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் சில்லறை ரிப்பேர் முன்பணம் கொடுத்து, பில்லும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படமும் கணக்கில் சேர்த்தால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் சென்னைப் பூங்காக்களில் கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பாதி போய்விடும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

நீங்கள் என்ன செய்யலாம்? டிக்கெட் கேட்டு மனு கொடுக்காதீர்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உங்கள் பூங்காவைப் பற்றி மூன்று தாள் கேளுங்கள்: நடப்புப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், அதில் சொன்ன பணியிட எண்ணிக்கை, கடைசி ஆறு மாத பில்லோடு வைத்த பி.எஃப். சலான். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் காலை, மாலை பூங்காவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று சங்கத்தில் யாராவது குறித்து வையுங்கள். எண்ணிக்கை இடித்தால் நிதி இல்லை என்ற பதில் அங்கேயே விழுந்துவிடும், நிதி இருந்திருக்கிறது, வேறு எங்கோ போயிருக்கிறது. இதை வார்டுப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுத்தாகக் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் காற்றோடு போய்விடும். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் பட்ஜெட் வாசிப்பது பிப்ரவரி, மார்ச்சில் என்றாலும் மண்டலங்களிலிருந்து மதிப்பீடு கேட்டு வாங்குவது அதற்குப் பல வாரங்கள் முன்பே. ஆகவே மனு டிசம்பருக்குள் மண்டல அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதில் மூன்று கோரிக்கை போதும்: உங்கள் பூங்காவின் பராமரிப்பைத் தனி வரியாகக் காட்ட வேண்டும், கோர்ட்டும் கடையும் இருந்தால் அதன் வருமானம் அதே பூங்காவுக்கு வர வேண்டும், சில்லறை ரிப்பேருக்கு முன்பணம் வேண்டும். கவுன்சிலர் தன் வார்டு நிதியில் புது விளையாட்டுச் சாமான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதைப் பராமரிக்க எந்தத் தலைப்பில் பணம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.